கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் ஏன் சாகிறது? கடலூர், புதுச்சேரி தண்ணீருக்கும் வெயிலுக்கும் ஏற்ற மீன் வளர்ப்பு

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். மகளின் பிறந்தநாளுக்கு உருண்டைக் கண்ணாடிக் கிண்ணமும் மூன்று தங்கமீன்களும் வாங்கிக் கொடுத்தோம். வாரம் ஒருமுறை கிண்ணம், கூழாங்கல் எல்லாவற்றையும் பளிச்சென்று கழுவி, கேன் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒரு மாதத்துக்குள் இரண்டு மீன்கள் செத்துவிட்டன. மூன்றாவது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. தீனியிலும் சுத்தத்திலும் குறை வைக்கவில்லை. வீட்டில் மீன் வளர்ப்பதே பாவம் என்கிறார் மாமியார். என்னதான் செய்வது?

பதில்: முதலில் உயிரோடு இருக்கும் அந்த மூன்றாவது மீனைப் பார்ப்போம். மற்றதெல்லாம் அப்புறம்.

வீட்டில் பெரிய பிளாஸ்டிக் டப் இருக்கிறதா? சோப்பு படாத டப்பாக இருக்கட்டும். பித்தளை, செம்புப் பாத்திரம் மட்டும் வேண்டாம், செம்பு மீனுக்கு விஷம். அதில் இரண்டு கேன் தண்ணீரை ஊற்றி, அதோடு ஒரு பக்கெட் போர் தண்ணீரைச் சேருங்கள். நிழலான இடத்தில் வையுங்கள். ஒரு ஏர் பம்பும் குழாயும் காற்றுக்கல்லும் வாங்கி உடனே ஓடவிடுங்கள், சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாக இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்துவிட்டு மீனை மாற்றுங்கள். வலையால் அள்ளுவதைவிட ஒரு டம்ளரில் தண்ணீரோடு மொண்டு விடுவது மீனுக்கு நல்லது. இரண்டு நாள் தீனி போடாதீர்கள். தினம் ஒரு பக்கெட் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, முந்தின இரவே பிடித்து வைத்த போர் தண்ணீரை ஒரு பக்கெட் ஊற்றுங்கள். மேலே வந்து வாயைத் திறப்பது பசியால் அல்ல. தண்ணீரில் மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான்.

சரி, சுத்தமாக வைத்திருந்தும் ஏன் செத்தன? மீன் தின்றது, கழிந்தது, தின்னாமல் விட்டது எல்லாம் அந்தத் தண்ணீரிலேயே கிடக்கிறது. மீனின் செவுள் வழியாகவே அமோனியா வெளியேறிக்கொண்டிருக்கிறது. இந்த அமோனியா செவுளைச் சுட்டுவிடும். ஆற்றிலும் குளத்திலும் இதைத் தின்னும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் விஷம்தான், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்யும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் ஓரளவு சேரும் வரை மீன் தாங்கும், தண்ணீர் மாற்றும்போது அது போய்விடும். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டு இருப்பவை அல்ல. கூழாங்கல், ஃபில்டர் பஞ்சு, கண்ணாடியின் உட்புறம் என்று எதையாவது ஒட்டிக்கொண்டுதான் வாழும். புதுத் தொட்டியில் அவை போதுமான அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீங்கள் வாராவாரம் பளிச்சென்று கழுவியபோது அந்தப் பாக்டீரியாக்களைத்தான் கழுவி ஊற்றியிருக்கிறீர்கள். பாசத்தோடு செய்த வேலைதான், ஆனால் மீனுக்கு ஒவ்வொரு வாரமும் புதுத் தொட்டி, முதல் நாள்.

இத்தனைக்கும் கிண்ணத்தில் கொள்வது மூன்று நான்கு லிட்டர் தண்ணீர். தங்கமீன் நிறையத் தின்னும், நிறையக் கழியும். விரல் நீளத்தில் வாங்கினாலும் ஒரு சாணுக்கு வளரும், நன்றாக வைத்திருந்தால் 10, 15 வருடம் இருக்கும். உருண்டைக் கிண்ணத்தில் வாய் குறுகலாக இருப்பதால் காற்று படும் நீர்ப்பரப்பும் குறைவு. என்னைக் கேட்டால் அந்த உருண்டைக் கிண்ணத்தை மீனுக்கென்று விற்கவே கூடாது. எத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டாலும் அதில் தங்கமீன் நிம்மதியாக இருக்க வழியில்லை.

அடுத்தது நம் ஊர்த் தண்ணீர். மீன் வளர்ப்பு பற்றி வரும் பெரும்பாலான அறிவுரை வேறு தேசத்துத் தண்ணீரையும் குளிரையும் மனதில் வைத்துச் சொல்வது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே மீன் சாகும். கடலூரிலும் புதுச்சேரியிலும் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. குழாய் முனையிலும் பாத்ரூம் ஓட்டிலும் வெள்ளைப் படிவம் ஏறுகிறதே, அது சுண்ணாம்புச் சத்து. இப்படிப்பட்ட தண்ணீர் பெரும்பாலும் காரத் தன்மையோடு இருக்கும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்தான் பி.எச்., 7 என்றால் நடுநிலை. இங்கே அது 8ஐ ஒட்டி நிற்கும். இதில்தான் விஷயம் இருக்கிறது. அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும், ஒன்று அவ்வளவாக ஆபத்தில்லாதது, மற்றது கொடிய விஷம். பி.எச். 7, சூடு 25 டிகிரி என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் விஷ வடிவில் இருக்கும். அதே தண்ணீர் பி.எச். 8க்கும் 30 டிகிரிக்கும் போனால் நூற்றில் ஏழு பங்கு விஷமாகிவிடும். அதாவது ஒரே அளவு கழிவு, ஒரே அளவு தீனி, ஆனால் நம் ஊரில் பத்து மடங்குக்கு மேல் கடுமை. உங்களுக்கு முதலில் கேன் தண்ணீரையே ஊற்றச் சொன்னதற்கும் இதுதான் காரணம். அமோனியா தேங்கிய தண்ணீரில் இருக்கும் மீனைச் சட்டென்று காரத் தண்ணீருக்குக் கொண்டுபோனால் தாங்காது.

அதற்காக எப்போதும் கேன் தண்ணீரிலேயே வைக்கலாமா என்றால், அதுவும் சரியில்லை. கேனில் வருவது பெரும்பாலும் ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய தண்ணீர், அதில் தாது உப்பெல்லாம் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் சேரும், அதைத் தாங்க அந்தத் தண்ணீரில் ஒன்றும் இல்லாததால் பி.எச். ஒரு நாள் திடீரென்று விழும். போர் தண்ணீர் வாயில் வைத்தால் லேசாக மட்டும் கரிக்கிறது என்றால் அதையே பயன்படுத்துங்கள். நன்றாகக் கரிக்கிறது என்றால் பாதிக்குப் பாதி மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ கலந்துகொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் விழும் மழையைப் பிடித்து மூடிய டிரம்மில் வைத்தால் அருமையான தண்ணீர். முதல் மழையை ஓடவிட்டு, மாடி கழுவிப் போன பிறகு பிடியுங்கள். டிரம்மின் வாயைத் துணியால் கட்டிவையுங்கள், கொசு முட்டையிடும். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், மீனின் செவுளையும் பாக்டீரியாவையும் அது சேர்த்துக் கொல்லும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் போகும். அவசரத்துக்கு மீன் கடையில் ஆன்டி குளோரின் கிடைக்கும். படிகமாக விற்பது பழைய ஸ்டுடியோக்களில் போட்டோ கழுவப் பயன்படுத்திய ஹைப்போதான், ஒரு பக்கெட்டுக்குச் சின்னப் படிகம் இரண்டு மூன்று போதும். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருந்தால் போர் தண்ணீருக்கும் இதே கதைதான், அந்த வாரம் கவனம்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி ஐம்பது லிட்டருக்கு மேல் கொள்ளும். ஆரம்பிப்பவர்களுக்கு இதற்குக் கீழே போக வேண்டாம், தண்ணீர் அதிகமாக இருந்தால் சின்னச் சின்னத் தவறுகளை அது பொறுத்துக்கொள்ளும். கல்லும் தண்ணீரும் சேர்ந்தால் அறுபது கிலோவைத் தாண்டும், ஆகவே ஆடாத மேசை வேண்டும். மேற்கு ஜன்னல் வெயில் படாத இடமாக, அடிக்கடி படாரென்று சாத்தும் கதவின் பக்கம் இல்லாமல் வையுங்கள். ஃபில்டருக்கு ஸ்பான்ஜ் ஃபில்டர் போதும். விலை குறைவு, ஏர் பம்பில் ஓடும், குட்டி மீனை உறிஞ்சாது.

தொட்டியை நிரப்பி ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டுக் காத்திருங்கள். அந்தத் தீனி அழுகி அமோனியா தரும், பாக்டீரியா பெருகும். அமோனியா, நைட்ரைட் பார்க்கும் சொட்டு மருந்துக் கிட் கிடைக்கிறது, இரண்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகு மீன் விடலாம். கையில் எல்லோரும் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் இதற்கு உதவாது, அது உப்பைத்தான் காட்டும், அமோனியாவைத் தனியாகக் காட்டாது. காத்திருக்கும் நாளைக் குறைக்க நல்ல வழி ஒன்று உண்டு. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவருடைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள். காயவிடாமல், தொட்டித் தண்ணீரிலேயே கொண்டுவந்து உங்கள் ஃபில்டரோடு சேர்த்துக் கட்டுங்கள். பழுப்பாக, வழவழப்பாக, பார்க்க அழுக்காக இருக்கும். மண்வாசனைதான் வரும், நாற்றம் வராது. அந்தப் பழுப்புதான் உங்கள் தொட்டியைக் காப்பாற்றப் போவது. பின்னால் அதைச் சுத்தம் செய்யும்போதும் குழாயில் காட்டிப் பிழியாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு முறை மெல்ல அமுக்கினால் தளர்ந்த கசடு மட்டும் வந்துவிடும், போதும்.

வாராவாரம் கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். ஒரு குழாயை வைத்துக் கல்லின் மேலிருக்கும் கசடை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே சூட்டில் இருக்கும் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவும் நாள் என்று ஒன்று வேண்டவே வேண்டாம்.

எந்த மீன்? நம் தண்ணீரிலும் வெயிலிலும் எது சுகமாக இருக்குமோ அது. கப்பி, மோலி, பிளாட்டி, சுவார்டுடெயில் நான்கும் சுண்ணாம்புச் சத்துள்ள காரத் தண்ணீரை விரும்புபவை. மோலி லேசான உப்பையும் தாங்கும், நம் கடலோர போர் தண்ணீருக்கென்றே வந்த மீன் மாதிரி இருக்கும். நான்கும் குட்டி போடும், போட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ஆண் மீன்களாக மட்டும் ஐந்தாறு வாங்குங்கள். ஆணின் அடித்துடுப்பு குச்சி போல் கூர்மையாக இருக்கும், பெண்ணுக்கு விசிறி போல் விரிந்திருக்கும், கடையிலேயே பார்த்து எடுக்கலாம். நியான் டெட்ரா, டிஸ்கஸ் அழகுதான், ஆனால் அவை சுண்ணாம்புச் சத்து குறைந்த மிருதுவான தண்ணீரில் வாழும் அமேசான் மீன்கள். இங்கே கொண்டுவந்து கஷ்டப்படுத்த வேண்டாம். தங்கமீனும் குளிர்ந்த தண்ணீர் மீன்தான், 18லிருந்து 24 டிகிரி வரைதான் அதற்குச் சுகம். உங்களிடம் இருப்பதை நிழலான பின்கட்டில் 200 லிட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டியில் வைத்தால் நன்றாகவே வாழும். புதிதாக வாங்காதீர்கள்.

ஃபைட்டர் மீனைக் கடையில் பிளாஸ்டிக் கப்பில் அடைத்து அடுக்கி வைத்திருப்பார்கள். அது மேலே வந்து காற்றை நேராகச் சுவாசிக்கக்கூடிய மீன், அதனால் கப்பில் உடனே சாவதில்லை. சாகாமல் இருப்பதைப் பார்த்து அதற்கு அதுவே போதும் என்று நினைத்துவிடுகிறோம். அமோனியா அதன் செவுளையும் துடுப்பையும் அரிக்கத்தான் செய்யும். இருபது லிட்டர் தண்ணீர், ஒரு செடி, ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுத்துப் பாருங்கள். துடுப்பை விரித்துக்கொண்டு தொட்டி முழுக்க ரோந்து சுற்றும், உங்கள் விரலுக்குப் பின்னாலேயே வரும். தனியாக வைக்கவேண்டிய மீன் அது. இரண்டு ஆண்களைச் சேர்த்து விட்டு வேடிக்கை பார்ப்பது கொடுமை.

அதே குடும்பத்து மீன் ஒன்று நம் ஊர்க்காரன். இரண்டு அங்குலம் இருக்கும், பழுப்பு உடம்பு, வால் அடியில் ஒரு கரும்புள்ளி. புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து கிடைத்ததை வைத்துத்தான் 1831இல் பிரெஞ்சு விஞ்ஞானி குவியே இதை முதன்முதலாக அறிவியல் உலகுக்கு விவரித்தார். சூடோஸ்ஃப்ரோமெனஸ் குபானஸ் என்ற அதன் அறிவியல் பெயரில் குபானஸ் என்ற சொல்லே அந்த ஆற்றின் பெயரிலிருந்து வந்தது. நம் வெயிலையும் தேங்கிய தண்ணீரையும் தாங்கிப் பழகிய மீன். இலைக்கு அடியில் நுரையால் கூடு கட்டி, முட்டையை ஆண் மீன் காவல் காக்கும். செடி நிறைந்த அமைதியான தொட்டி வைத்திருப்பவர்கள், நம்பகமாக வளர்த்துக் கொடுப்பவரிடம் கிடைத்தால் இதை யோசிக்கலாம்.

கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் வாங்கக் கூடாதவை சில இருக்கின்றன. குட்டிச் சுறா என்று காட்டும் பங்காஸ் ஒரு மீட்டருக்கு மேல் வளரும். டேங்க் கிளீனர் என்று தரும் சக்கர் மீன் தொட்டியைச் சுத்தம் செய்வதைவிட அதிகம் கழியும், ஒன்றரை அடி வரை போகும். உடம்பில் ஊதா, பச்சை, ரோஸ் என்று பளபளக்கும் கண்ணாடி மீனைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள், ஊசியால் சாயம் ஏற்றப்பட்ட மீன் அது. வாஸ்துவுக்கென்று ஃபிளவர்ஹார்ன் வாங்கி இரண்டடித் தொட்டியில் திரும்பக்கூட இடமில்லாமல் வைப்பதும் எனக்கு மனது ஒப்பவில்லை. கடல் மீன் ஆசை இருந்தால் முதல் தொட்டியாக வேண்டாம். பெரும்பாலானவை பவளப்பாறையிலிருந்து பிடித்து வருபவை. நம் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. வாங்கினால் அப்படி வளர்த்த மீனாக வாங்குங்கள்.

வெயிலுக்கு வருவோம். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால் 32 டிகிரியில் 7ஐச் சற்றுத் தாண்டும். அதே நேரம் சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும். செடி நிறைய இருக்கும் தொட்டியில் இரவு முழுக்கச் செடியும் ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் விடியற்காலையில்தான் நிலைமை மோசமாக இருக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் காலை ஐந்து மணிக்கு எழுந்து பாருங்கள். எல்லா மீனும் மேலே வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நின்றால் காற்று போதவில்லை. மூடியை எடுத்து வலை போட்டு, சின்ன ஃபேனை நீர்ப்பரப்பைப் பார்த்துத் திருப்பினால் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். கடற்கரைப் புழுக்கத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஐஸ் கட்டியைக் கொட்டாதீர்கள். தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, மூடியோடு மிதக்கவிடுங்கள், மெல்லக் குளிரும். தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

கரன்ட். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் வந்தபோதும் அனுபவித்தோம். தூண்டில்காரர்கள் பயன்படுத்தும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றைப் புரட்டாசிக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். அதுவும் இல்லையென்றால் சொம்பில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பதும் காற்றுதான். மின்சாரம் இல்லாத நாட்களில் தீனியே போடாதீர்கள். ஆரோக்கியமான வளர்ந்த மீன் ஒரு வாரம் சாப்பிடாமல் தாங்கும், அழுகும் தீனியைத் தாங்காது. பல மணி நேரம் நின்றுபோன ஃபில்டரை அப்படியே ஓடவிடாமல், பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். உள்ளே பாக்டீரியா செத்து அழுகியிருக்கும்.

கொசு மருந்து பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. சுருள், திரவம், ஸ்பிரே பெரும்பாலானவற்றிலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. நமக்கு அவ்வளவாகத் தெரியாது, மீனுக்குக் கொடிய விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடுகிறது. தொட்டி இருக்கும் அறையில் அவற்றை வைக்காதீர்கள், கொசுவலை கட்டுங்கள். தெருவில் புகை மருந்து வண்டி வந்தால் ஜன்னலைச் சாத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, அரை மணி நேரம் பம்பை நிறுத்திவையுங்கள்.

தீனி தினம் ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரத்தில் ஒரு நாள் விரதம் நல்லதே செய்யும். பொரி, பிரெட், பிஸ்கட், சோறு வேண்டாம். திருப்பதிக்கு மூன்று நாள் போவதென்றால் பக்கத்து வீட்டில் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், பாசத்தில் கொட்டிவிடுவார்கள்.

உங்கள் மாமியார் சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். மீனுக்கு வலிக்காது என்று சொல்லிக்கொண்டு வளர்ந்த தலைமுறை நாம். 2003இல் லின் ஸ்னெட்டன் என்ற விஞ்ஞானியும் உடன் பணியாற்றியவர்களும் டிரவுட் மீனின் முகத்திலும் உதட்டிலும் வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் தின்பதை நிறுத்தி, உதட்டைக் கல்லில் தேய்த்துக்கொண்டன. நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் விலங்கு என்பதற்கு மனிதரல்லாத எந்த உயிரும் என்றுதான் பொருள் சொல்கிறது, மீனும் அதில் அடங்கும். வளர்ப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. அடைத்து வைத்தது நாம் என்பதால் அதன் மூச்சுக்கும் இடத்துக்கும் பொறுப்பு நாம்தான். அந்தப் பொறுப்பை ஏற்க நேரமும் இடமும் இல்லாத வீட்டில் மீன் வேண்டாம் என்பதில் அவர் பக்கம்தான் நான்.

நோய் வந்தால் முதல் மருந்து தண்ணீர் மாற்றுவது. முக்கால்வாசிக் கோளாறு அதிலேயே தணியும். வெள்ளைப் புள்ளி, துடுப்பு அரிப்பு என்றால் மீனைத் தனி டப்பில் காற்றோடு வைத்து, லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் கல் உப்பை ஒரே நாளில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுங்கள். மருத்துவக் கடையில் வாங்கிய மாத்திரையைத் தொட்டியில் உடைத்துப் போடுவது பாக்டீரியாவைத்தான் முதலில் கொல்லும்.

இனிப் பிழைக்காது, துடித்துக்கொண்டிருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால், கழிப்பறையில் ஊற்றுவதும் ஃப்ரீசரில் வைப்பதும் இரக்கமல்ல. நாட்டு மருந்துக் கடையில் கிராம்புத் தைலம் கிடைக்கும். சின்ன பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு சேர்த்துப் பால் போல வெளுக்கும் வரை குலுக்குங்கள். மீன் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் நான்கைந்து சொட்டு அளவு மெல்லக் கலந்தால் சில நிமிடத்தில் மயங்கிச் சாயும். தொட்டாலும் அசையவில்லை என்றான பிறகு இன்னும் பதினைந்து சொட்டு சேர்த்து, செவுள் அசைவு நின்றும் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு செடிக்கு அடியில் புதையுங்கள்.

வளர்க்க முடியவில்லை என்றால் ஊசுட்டேரியிலோ பெருமாள் ஏரியிலோ கெடிலத்திலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். சக்கர் மீன் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகிக் கிடப்பது இப்படி விட்டவர்களால்தான். வலையைக் கிழிக்கிறது, நாட்டு மீனுக்கு வைத்த இரையைத் தின்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், காசு வாங்காமல் கொடுத்தால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் தங்கமீனுக்குப் பெரிய தொட்டி வைக்க இடமில்லை என்றால், நிழலான சிமென்ட் தொட்டி வைத்திருக்கும் வீடு உங்கள் தெருவிலேயே ஒன்று இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.